ஒரே கால்வாயின் தண்ணீர்: தொகுதிச் சிந்தனையும் எங்கள் பாடசாலைகளும்

(புத்தளத்தில் ஆசிரியர்களும் அதிபர்களும் பெற்றோரும் கூடிய அவையில், ஓய்வுபெற்ற ஆசிரிய ஆலோசகர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



சாதாரண தரப் பெறுபேறு வெளிவந்த கையோடு எந்த வலயத்திலும் ஒரு கூட்டம் நடக்கும். இங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் அப்படி ஒன்றில் இருந்திருப்பீர்கள். திரையில் ஓர் அட்டவணை. கணிதத்தில் சித்தி வீதம் குறைந்த பாடசாலைகள் சிவப்பில். அதிபர் எழும்பி, கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார், பதில் ஆள் வரவில்லை என்பார். இருக்கிற கணித ஆசிரியர், தரம் ஆறுக்கு வருகிற பிள்ளைக்கு வாய்ப்பாடே தெரியாது என்பார். ஆரம்பப் பிரிவு ஆசிரியை, வீட்டில் கொப்பியைத் திறந்து பார்க்க ஆளில்லை என்பார். பெற்றோருக்கு அந்தக் கூட்டத்துக்கு அழைப்பில்லை. அழைத்திருந்தால், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்காதபடியால்தானே ரியூஷனுக்குக் காசு கட்டுகிறோம் என்று அவர்களும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள்.

இவர்களில் பொய் சொன்னவர் ஒருவருமில்லை. எல்லோர் சொன்னதும் உண்மை. ஆனால் அத்தனை உண்மைகளையும் கேட்டுவிட்டுக் கூட்டம் எடுக்கிற முடிவு, சனிக்கிழமையில் மேலதிக வகுப்பு. அடுத்த வருடமும் அதே அட்டவணை வரும். சிவப்பில் இருக்கிற பெயர்கள் ஒன்றிரண்டு மாறியிருக்கும்.

தொகுதிச் சிந்தனை, அதாவது ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்காமல் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கிறது என்று பார்ப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு வெளிநாட்டு உதாரணம் தேடிப் போகத் தேவையில்லை. இந்தக் கரையிலேயே, கல்விக்குச் சம்பந்தமில்லாத ஒரு தொழிலில், பெரும் நட்டம் கொடுத்துப் படித்த பாடம் ஒன்று கிடக்கிறது. இறால் பண்ணையைத்தான் சொல்கிறேன்.

சிலாபம் களப்பு, முந்தல் களப்பு, புத்தளம் களப்பு மூன்றையும் இணைத்துக்கொண்டு ஒல்லாந்தர் கால்வாய் ஓடுகிறது. 1980களில் இந்தத் தண்ணீரின் இரு கரையிலும் பண்ணைகள் வந்தன. கண்டல் மரங்களை வெட்டிக் குளம் தோண்டினார்கள். பெரிய கம்பனிகளும் வந்தன, ஒரு குளம் இரண்டு குளம் வைத்திருந்த சின்ன ஆட்களும் வந்தார்கள். புலி இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை. ஒவ்வொரு பண்ணைக்காரரும் தன் குளத்துக்குக் கால்வாயிலிருந்து தண்ணீர் இறைத்தார். அறுவடை முடிந்ததும் கழிவுத் தண்ணீரை அதே கால்வாயில் விட்டார். அவர் விட்டதைத்தான் பக்கத்துப் பண்ணைக்காரர் இறைத்தார்.

1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. இறாலின் ஓட்டில் வெள்ளைப் புள்ளி தெரியும். அதன்பின் மூன்று முதல் பத்து நாளுக்குள் குளம் முழுவதும் செத்துவிடும். நோய் கண்டவர் என்ன செய்வார்? உயிரோடு இருப்பதையாவது காப்பாற்ற அவசர அறுவடை செய்வார். அதற்குக் குளத்தை வடிக்க வேண்டும். வடித்த தண்ணீர் கால்வாய்க்குப் போகும். அவர் இடத்தில் நீங்கள் இருந்தாலும் அதைத்தான் செய்வீர்கள். அப்படி ஒவ்வொருவரும் தன்னளவில் புத்தியாக நடந்ததால் எல்லோரும் சேர்ந்து அழிந்தார்கள். 1998இல் மறுபடியும் பெரிய அடி. பெரிய கம்பனிகள் கையை உதறிக்கொண்டு போய்விட்டன. கைவிடப்பட்ட குளங்களை முந்தல் பக்கம் போனால் இன்றும் பார்க்கலாம்.

இதில் என்னை யோசிக்க வைத்தது அடுத்து நடந்ததுதான். ஆரம்பத்தில் எல்லோரும் தேடிய பரிகாரம் தங்கள் குளத்துக்குள்ளேயே இருந்தது: நல்ல தீவனம், கூடிய மருந்து, உயர்ந்த வரம்பு. தண்ணீர் பொதுவாக இருக்கும்வரை வரம்பை எவ்வளவு உயர்த்தியும் பயனில்லை என்பது பிறகுதான் பிடிபட்டது. அதன்பின் பண்ணையாளர் சங்கங்களும் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையும் சேர்ந்து ஒரு பயிர் நாட்காட்டி போட்டன. பண்ணைப் பிரதேசத்தை வலயங்களாகவும் உபவலயங்களாகவும் பிரித்து, எந்த வலயம் எப்போது குஞ்சு விடலாம், எப்போது குளத்தைக் காயப்போட வேண்டும் என்று முறை வைத்தார்கள். குஞ்சு விடுவதற்கு முன் நோய்ப் பரிசோதனை. முறை தவறுகிறவரைக் கேட்கிற பொறுப்பு ஊர்ச் சங்கத்துக்கு. எரங்க கலப்பத்தியும் ஃபிக்ரெட் பெர்க்கஸும் இந்த ஏற்பாட்டை ஆராய்ந்து 2014இல் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். பொதுச்சொத்தை ஊர்க்காரர் சேர்ந்து நிர்வகிப்பதற்கு அவர்கள் உலகத்துக்குக் காட்டிய உதாரணம் எங்கள் சிலாபமும் முந்தலும்.

நோய் ஒழிந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. இன்றும் வருகிறது. வந்தால் என்ன செய்வது, யாருக்குச் சொல்வது என்று இப்போது தெரியும். முன்பு தங்கள் குளத்தில் இறால் செத்த செய்தியை மறைத்தார்கள். இப்போது அந்தச் செய்திக்கு ஒரு பாதை இருக்கிறது. மாற்றத்தின் பெரும் பகுதி அந்தப் பாதைதான் என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் பாடசாலைகளில் அந்தப் பாதை இல்லை. ஆரம்பப் பிரிவு விட்ட தண்ணீரைத்தான் இடைநிலைப் பிரிவு இறைக்கிறது. ஆனால் தரம் ஐந்து ஆசிரியையும் தரம் ஆறு கணித ஆசிரியரும் ஒரு மேசையில் உட்கார்ந்து கொப்பிகளைப் பார்த்த பாடசாலை இந்த மாவட்டத்தில் எத்தனை இருக்கும்? கையைத் தூக்கச் சொல்லவில்லை. உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தச் சிந்தனைக்கு ஒரு வரலாறு உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜே ஃபொரெஸ்டர் என்ற பொறியியலாளர் 1950களின் பிற்பகுதியில், தொழிற்சாலைகளில் ஆட்குறைப்பும் ஆட்சேர்ப்பும் மாறிமாறி வருவது ஏன் என்று பார்த்தார். சந்தை அதற்குக் காரணம் இல்லை, நிறுவனம் தானே எடுக்கிற முடிவுகள் காலம் தாழ்த்தித் திரும்பி வந்து அதையே அடிக்கின்றன என்று கண்டார். அவர் வழியில் வந்த டொனெல்லா மெடோஸ் 1972இல் வெளியான 'வளர்ச்சியின் எல்லைகள்' நூலை எழுதியவர்களில் ஒருவர். இது பொறியியல் பக்கம். மற்றப் பக்கம் குடும்ப ஆற்றுப்படுத்தல். கிரகரி பேட்சனும் அவருடைய சகாக்களும் கலிபோர்னியாவில், பிறகு இத்தாலியின் மிலான் நகரில் மாரா செல்வினி பலாட்சோலியும் மற்ற மூவரும், நோயாளி என்று கூட்டிவரப்பட்ட பிள்ளையை விட்டுவிட்டு, குடும்பத்தில் யார் என்ன செய்தால் யார் என்ன செய்கிறார் என்று கேட்கத் தொடங்கினார்கள். இன்று பயிற்றுநர்கள், அதாவது கோச்சிங் செய்பவர்கள், கையாளுகிற பல கேள்விகள் அந்த மிலான் அறையில் பிறந்தவை. பள்ளிக்கூடத்துக்கு இது வந்த வழியும் சுவாரசியமானது. அரிசோனாவின் டூசான் நகரில், 1980களின் இறுதியில், ஓய்வுபெற்ற எம்.ஐ.டி. பேராசிரியர் கோர்டன் பிரவுன் பக்கத்து இடைநிலைப் பாடசாலைக்குப் போய், ஃபிராங்க் டிரேப்பர் என்ற உயிரியல் ஆசிரியர் கையில் ஒரு கணினி மென்பொருளைக் கொடுத்தார். அமெரிக்கப் பாடசாலைகளில் இந்தப் பாடம் பரவ வழிவிட்ட தொடக்கங்களில் அதுவும் ஒன்று. ஓய்வுபெற்ற கிழவர்களுக்கும் வேலை இருக்கிறது என்பதற்காகவும் இதைச் சொல்லி வைக்கிறேன்.

இனி நான் பார்த்த ஒன்று. கரையோரப் பாடசாலை, பெயர் வேண்டாம். மேற்பார்வைப் படிவத்தோடு ஒரு தரம் ஒன்பது கணித வகுப்புக்குப் போயிருந்தேன். பாடம் முடிந்ததும் ஆசிரியை ஒரு பையனைப் பற்றி முறைப்பாடு சொன்னார்.

"சேர், அவன் முதல் ரெண்டு பாடமும் நித்திரைதான். தட்டி எழுப்பினா முழிச்சுப் பாத்திட்டுத் திரும்பப் படுத்துருவான்."

வழமையாக என்றால் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுங்கள் என்று எழுதிவிட்டு வந்திருப்பேன். அன்று கேட்டுப் பார்த்தேன்.

"நீங்க தட்டினா மத்தப் பிள்ளைகள் என்ன செய்வாங்க, டீச்சர்?"

"சிரிப்பாங்க."

"சிரிச்சா அவன்?"

"அடுத்த நாள் வரமாட்டான்."

"வராட்டி?"

"நான் அதிபருக்குச் சொல்லுவன். அதிபர் தாயக் கூப்பிடுவார். போன மாசம் அந்த மனிசி வந்து எல்லாருக்கும் முன்னால அவனுக்கு அடிச்சிட்டா, சேர்."

"பிறகு?"

"ரெண்டு நாள் வரல்ல." கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அப்ப நான் தட்டுறதுலதான் தொடங்குதா?" என்றார்.

அவரில் தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. வட்டத்துக்குத் தொடக்கம் கிடையாது. எங்கே கை வைத்தாலும் அது தொடக்கம் மாதிரித் தெரியும். ஆனால் அந்தக் கேள்வியை அவர் தானாகக் கேட்டது, என் படிவத்தில் இருந்த அத்தனை கட்டங்களையும் விடப் பெறுமதியானது.

வரவு இடாப்பை எடுத்தோம். ஒரு வருட இடாப்பைப் புரட்டினால் கடல் தெரியும். மேற்குக் கரையில் கடல் அடங்கியிருப்பது ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை. கரைவலைப் பருவம் அதுதான். அந்த மாதங்களில் அவனுடைய வரவில் ஓட்டை. அவன் மட்டுமில்லை, அந்த மீன்வாடிப் பக்கத்துப் பையன்கள் ஆறேழு பேருக்கு அதே மாதங்களில் அதே ஓட்டை. விடிய முன் வலை இழுக்கப் போகிறான். கூலி என்று பெரிதாக இல்லை. கறிக்கு மீனும் கையில் கொஞ்சக் காசும். வகுப்புக்கு வரும்போது அவன் ஒரு வேலை நாளை முடித்துவிட்டு வருகிறான்.

பிள்ளை வலை இழுக்கலாமா என்று கேட்பீர்கள். கூடாது. கட்டாயக் கல்வி வயது 2016 முதல் 16. வேலைக்கமர்த்தும் குறைந்த வயதையும் 2021இல் 16 ஆக்கிவிட்டார்கள். சட்டம் தெளிவு. ஆனால் அந்த வீட்டில் அன்றைய கறி அவன் கொண்டுவருகிற மீன் என்பதும் தெளிவு. யூரி புரொன்ஃபென்பிரென்னர் என்ற உளவியலாளர் 1979இல் எழுதிய நூலில், பிள்ளை ஒருநாளும் கால் வைக்காத இடங்கள் பிள்ளையின் வளர்ச்சியைத் தீர்மானிப்பதைப் பற்றிப் பேசுகிறார். இங்கே அந்த இடங்களில் ஒன்று, கரைவலைச் சொந்தக்காரரான சம்மாட்டி ஆள் எண்ணிப் பங்கு பிரிக்கிற கணக்கு. இன்னொன்று, ஆசிரியர் இடமாற்றச் சபை கூடுகிற மேசை.

என்ன செய்தோம்? முதலில் கணிதத்தை முதல் பாடவேளையிலிருந்து நான்காம் பாடவேளைக்கு மாற்றினார்கள். எனக்கு வெற்றிக் களை. அடுத்த தடவை போனபோது வரலாற்று ஆசிரியர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்: "கணக்குக்கு முழிப்பு, வரலாறுக்கு நித்திரையா, சேர்?" நியாயமான கேள்வி. ஓரிடத்தில் அழுத்தினால் இன்னோரிடத்தில் வீங்கும் என்று மேடையில் சொல்கிற நான், நேர அட்டவணையில் அதை மறந்துவிட்டேன். பிறகு மூன்று ஆசிரியர்கள் முதல் பாடவேளையைக் கிழமைக்குக் கிழமை சுழற்சியில் எடுத்தார்கள். சம்மாட்டியிடம் பேசியது அதிபரில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருந்த, அதே கரையில் கரைவலைப் பாடு வைத்திருந்த ஒருவர். அதிபர் பேசியிருந்தால் அது அதிகாரமாகியிருக்கும். இவர் பேசியது தொழில்காரனுக்குத் தொழில்காரன் சொன்ன சொல்லாக இருந்தது. பாடசாலை நாளில் பையன்களை எடுப்பதில்லை என்று ஓரளவுக்கு ஒப்புக்கொண்டார்கள். ஓரளவுக்குத்தான், நல்ல மீன்பாடு விழுந்த நாளில் ஒப்பந்தம் பறந்துவிடும்.

அவன் கணிதத்தில் ஏ சித்தி எடுத்தான் என்று கதையை முடிக்க எனக்கும் ஆசைதான். அவன் இடாப்பில் நின்றான். சாதாரண தரம் எழுதினான். தாய் அதன்பின் அவனுக்கு எல்லோர் முன்னாலும் அடிக்கவில்லை.

இப்படிச் சுற்றியிருப்போரையும் சேர்த்துக் கேட்பதை நான் பயிற்றுநரின் வேலை என்கிறேன். சர் ஜோன் விட்மோர் 1992இல் எழுதிய கோச்சிங் நூலுக்குப் பிறகு ஒரு முறை உலகமெங்கும் பரவியது: இலக்கு என்ன, இப்போதைய நிலை என்ன, வழிகள் என்ன, எதைச் செய்யப்போகிறாய். நல்ல கேள்விகள். கம்பனி முகாமையாளருக்குப் பொருந்தும். முதல் பாடத்தில் நித்திரை கொள்கிற பையனிடம் 'உன் இலக்கு என்ன' என்று கேட்டால், அவன் உங்களைப் பார்க்கிற பார்வையிலேயே பதில் இருக்கும். ஆள் தனியாக நின்று முடிவெடுக்கிறான் என்று அந்த முறை நம்புகிறது. எங்கள் பிள்ளைகள் தனியாக நிற்பதில்லை. எங்கள் ஆசிரியர்களும் அப்படித்தான். ஆசிரிய ஆலோசகர் வந்து கற்பித்தல் முறையைத் திருத்திவிட்டுப் போகிறார், ஆசிரியர் திருந்திக் கற்பிக்கத் தொடங்கும்போது பக்கத்து வகுப்பு ஆசிரியர், "என்ன, பதவி உயர்வுக்கா?" என்று கேட்கிறார். அந்த ஒரு கேள்வி ஆறு நாள் செயலமர்வை அழித்துவிடும். அடுத்த வகுப்பு ஆசிரியரையும் கூப்பிட்டு உட்காரவைக்காத பயிற்சி, கொழும்பு ஹோட்டலில் நடந்தாலும் கோட்டக் காரியாலயத்தில் நடந்தாலும் செலவுக் கணக்குத்தான்.

பிள்ளைகளுக்கு இதைப் படிப்பிக்க முடியுமா? முடியும், எங்களைவிட வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். 1960களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் ஃபொரெஸ்டர் குழுவினர் ஒரு விளையாட்டு உண்டாக்கினார்கள். அதன் பெயர் பியர் விளையாட்டு. புத்தளத்தில் அந்தப் பெயரோடு வகுப்புக்குள் போக முடியாதென்பதால் நான் கருவாடாக்கிக்கொண்டேன். ஹட்டன் சில்லறைக் கடை, கொழும்பு மொத்தக் கடை, கற்பிட்டி வியாபாரி, கடைசியில் வாடி. நாலு பேரும் பேசக்கூடாது. ஓடர் துண்டு மட்டும் கொடுக்கலாம். ஓடர் போய்ச் சேரவும் பெட்டி வந்து சேரவும் தாமதம். ஹட்டன் கடைக்கு வாடிக்கையாளர் கிழமைக்கு நாலு பெட்டி கேட்பார். சில கிழமைக்குப் பின் எட்டு. அதன்பின் கடைசிவரை எட்டுத்தான். மாற்றம் அந்த ஒன்று மட்டுமே. ஆனால் விளையாட்டு நடக்க நடக்கக் கற்பிட்டி வியாபாரி அலறிக்கொண்டு ஓடர் கூட்டுவார், வாடியில் பெட்டி மலையாகக் குவியும், பிறகு ஒரேயடியாக யாரும் வாங்கமாட்டார்கள். தரம் பத்துப் பிள்ளைகளோடு விளையாடினேன். முடிந்ததும் யார் பிழை என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டினார்கள். ஹட்டன் கடைக்காரன்தான் பைத்தியக்காரன் மாதிரி ஓடர் போட்டான் என்று வாடிக்காரப் பிள்ளை சத்தியம் பண்ணியது. வாடிக்கையாளர் துண்டுகளைத் திருப்பிக் காட்டினேன்: நாலு, நாலு, எட்டு, எட்டு, எட்டு. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஒரு பெண்பிள்ளை, "சேர், மண்ணெண்ணெய் கியூவும் இப்படித்தானா?" என்று கேட்டது.

2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டை யாரும் மறந்திருக்கமாட்டோம். வள்ளங்கள் கரையில் கிடந்தன. டொலர் இல்லாத நாட்டுக்கு எண்ணெய் வராதது உண்மை, அது விளையாட்டில்லை. அதன்மேல், நாளைக்குக் கிடைக்காது என்று பயந்து இன்றைக்கே இரண்டு கான் நிரப்ப நின்றவர்கள் கியூவை நீளமாக்கினார்கள். நீண்ட கியூ பயத்தைக் கூட்டியது. அந்தப் பிள்ளை கண்டது இந்த இரண்டாவது வட்டத்தை. 

கற்பிட்டிப் பக்கப் பாடசாலைகளுக்கு இன்னொரு பாடம் வாசலிலேயே இருக்கிறது: கிணறு. குடாநாடு முழுக்க மணல். மணலுக்குக் கீழே மெல்லிய நன்னீர்ப் படை உப்புத் தண்ணீரின்மேல் மிதக்கிறது. மேலே வெங்காயம், மிளகாய், பீட்ரூட். மணல் எதையும் பிடித்து வைக்காது. போட்ட பசளையில் ஒரு பங்கு தண்ணீரோடு இறங்கிக் கிணற்றுக்குப் போகிறது. அதே கிணற்றிலிருந்துதான் தோட்டத்துக்கும் இறைக்கிறோம், வீட்டுக்கும் அள்ளுகிறோம். அங்கே நைத்திரேற்றுக் கூடியிருப்பது பல காலமாக ஆய்வாளர்கள் சொல்லிவரும் விடயம். போட்டதற்கும் குடிப்பதற்கும் நடுவே எவ்வளவு காலம்? அந்தத் தாமதம்தான் பாடம். பிழையின் பலன் அன்றைக்கே வந்தால் எல்லோரும் திருந்திவிடுவோம். வருடம் கழித்து, வேறொருவர் கிணற்றில் வந்தால் காரணத்தோடு அதைப் பொருத்திப் பார்க்கப் பழக்கம் வேண்டும். மறுபக்கமும் சொல்ல வேண்டும். 2021இல் இரசாயனப் பசளையை ஒரே இரவில் தடைசெய்தார்கள். விவசாயி வீதிக்கு வந்து, அந்த வருட முடிவுக்குள் தடையை எடுத்தார்கள். அப்படியும் விளைச்சல் விழுந்தது. மண்ணுக்கும் தண்ணீருக்கும் நல்லது என்ற காரணம் பொய்யில்லை. ஆனால் பல வருடமாகப் பழகிய மண்ணையும் கடனையும் சந்தையையும் ஒரு வர்த்தமானியால் திருப்பலாம் என்று நினைத்தார்கள். இதையும் அதே கரும்பலகையில் பிள்ளைகளுக்கு வரைந்து காட்டலாம்.

தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றிப் பேசாமல் போனால் பெற்றோர் விடமாட்டீர்கள். கிராமத்துச் சின்னப் பாடசாலையிலிருந்து அதில் சித்தியடைந்த கெட்டிக்காரப் பிள்ளைகள் நாலு பேர் நகரப் பாடசாலைக்குப் போகிறார்கள். அந்த நாலு பெற்றோருக்கும் அது சரியான முடிவு. போனவர்களைப் பார்த்து அடுத்த வருடம் எட்டுப் பேர் போவார்கள். மாணவர் தொகை குறைந்தால் ஆளணி குறையும், ஆசிரியர் போவார், இரண்டு வகுப்பை ஒன்றாக்குவார்கள், அதைப் பார்த்து மிஞ்சியவர்களும் போகப் பார்ப்பார்கள். நகரத்தில் ஒரு வகுப்பில் ஐம்பது பேர் நெருங்கி இருப்பார்கள். அந்த நெருக்கத்தால் ரியூஷன். யாரையும் குறை சொல்ல முடியாத வட்டம் இது. போகாதே என்று பெற்றோருக்குப் புத்தி சொல்வதால் இது நிற்காது. மெடோஸ் 1999இல் எழுதிய கட்டுரையொன்றில், எந்த இடத்தில் தொட்டால் தொகுதி அசையும் என்பதை மக்கள் பெரும்பாலும் சரியாகவே கண்டுபிடிக்கிறார்கள், ஆனால் தவறான பக்கம் தள்ளுகிறார்கள் என்று தன் ஆசிரியர் ஃபொரெஸ்டர் சொன்னதை நினைவுபடுத்துகிறார். ஆசிரியர் எண்ணிக்கைதான் இங்கே அந்த இடம். பிள்ளை குறைந்ததும் ஆசிரியரை எடுக்கிறோம். ஒரு பாடசாலை சரிகிறது என்று தெரிந்த வருடம் நல்ல ஆசிரியர் ஒருவரைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தால் என்ன?

இந்தச் சிந்தனையில் எனக்கு ஒரு பயமும் உண்டு. எல்லாம் ஒன்றோடொன்று தொடர்பு என்று சொல்லிச் சொல்லி, ஒருவருக்கும் பொறுப்பில்லை என்று முடித்துவிடலாம். வகுப்புக்கே போகாத ஆசிரியர், "தொகுதி அப்படி, சேர்" என்று என்னிடமே சொன்னதுண்டு. அவரிடம் வட்டம் வரையக்கூடாது. மணி அடித்ததும் வகுப்புக்குப் போகச் சொல்ல வேண்டும்.

அதைவிடப் பெரிய விடயம், தொகுதியின் எல்லையை யார் போடுவது என்பது. 2017 ஏப்ரலில் மீத்தொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். கொழும்புக்கு ஒரு தீர்வு தேவைப்பட்டது. அறுவக்காட்டில், சீமெந்துக் கம்பனிக்குச் சுண்ணாம்புக்கல் எடுத்த பிரதேசத்தில், கொழும்புக் குப்பையைக் கொட்டும் திட்டத்தை முன்னெடுத்தார்கள். 2018இலும் 2019இலும் இந்த நகரம் அதை எதிர்த்து எப்படி எழும்பியது என்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளும் வெயிலில் நின்றார்கள். கொழும்பில் வரைந்த படத்தில் அந்தத் திட்டம் அழகாகத்தான் இருந்திருக்கும்: குப்பை வெளியே போகிறது, பிரச்சினை தீர்கிறது. அந்தப் படத்தின் ஓரம் புத்தளத்தில் முடிந்துவிட்டது. நுரைச்சோலை அனல்மின் நிலையமும் அப்படித்தான். 900 மெகாவாட்டும் நாடு முழுக்கப் போகிறது, தூசு பக்கத்துக் கூரையில் இறங்குகிறது. பிள்ளைக்குத் தொகுதியை வரையப் படிப்பித்தால், படத்தின் ஓரத்துக்கு அப்பால் யார் இருக்கிறார்கள் என்று கேட்கவும் படிப்பிக்க வேண்டும். அதில் அரசியல் வரும். வரட்டும்.

எங்களுக்குள்ளேயே போடப்பட்ட எல்லையும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, மன்னாரிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டியில் இறங்கியவர்களுக்கு இந்த ஊர் சோறு போட்டது, பள்ளிவாசலைத் திறந்தது, பாடசாலையைப் பின்னேர நேரத்துக்கும் திறந்தது. அது வரலாறு, பெருமைப்படலாம். ஆனால் நிவாரணம் இடம்பெயர்ந்தோர் பட்டியலின்படி வந்தது. பட்டியலில் இல்லாத இந்த ஊர் ஏழையின் பிள்ளை பக்கத்து வாங்கில் வெறுங்கையோடு இருந்தது. கிணறு, வேலை, பல்கலைக்கழகத்துக்கு மாவட்டத்துக்குரிய இடம் என்று மனக்கசப்பு ஊறியதை நாங்கள் மூடி மறைக்கத் தேவையில்லை. உதவி கொடுத்தவர்கள் அகதியைப் பார்த்தார்கள். அகதியும் வீட்டுக்காரனும் சேர்ந்து இருக்கிற வகுப்பறையைப் பார்க்கவில்லை. 2009இல் போர் முடிந்த பிறகு இன்னொரு சிக்கல். பதிவு மன்னாரில், தகப்பன் அங்கே காணி துப்பரவு செய்கிறார். பிள்ளை இங்கே படிக்கிறது. பெற்றோர் கூட்டத்துக்குத் தகப்பன் வரவில்லை என்று இடாப்பில் சிவப்புக் கோடு போடுவதற்கு முன், அந்தக் குடும்பம் எத்தனை ஊரில் வாழ்கிறது என்று கேட்கலாம்.

கடைசியாக, சுற்றறிக்கை இல்லாமலே செய்யக்கூடிய ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்றில் இந்தக் கரையில் தொழில் படுத்ததும் உடப்பு, சிலாபம் பக்கத்திலிருந்து கிழக்குக் கரைக்கு, முல்லைத்தீவு வரைக்கும், வாடி கட்டப் போகிறார்கள். சில குடும்பங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகின்றன. இரண்டாந் தவணையில் அந்தப் பிள்ளை இங்கே வராதவன். அங்கே இடையில் வந்தவன். இரண்டு இடாப்பிலும் அவன் பாதிப் பிள்ளை. இங்குள்ள வகுப்பாசிரியர் அங்குள்ள வகுப்பாசிரியரின் தொலைபேசி இலக்கத்தை வாங்கி, கடைசியாகப் படிப்பித்த அலகை வட்சப்பில் படம் எடுத்து அனுப்ப எவ்வளவு நேரம் போகும்? திரும்பி வரும்போது அங்கிருந்தும் ஒரு படம். அதிகாரியின் அனுமதி தேவைப்படாது. தேவைப்படும் என்று நினைக்கிறவர்கள் கோட்டக் கல்விப் பணிப்பாளரிடம் வாய்மொழியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். உடப்புப் பக்க ஆசிரியர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். எந்தக் குடும்பம் எந்த வாடிக்குப் போகிறது என்பது சம்மாட்டிமாரின் கணக்குக் கொப்பியில் இருக்கிறது. அதை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.